என் காலைக் கழுவப் போகும் மகனுக்கு

தம்பி,

முடியாது.

ஒரு கடிதத்தை இப்படித் தொடங்கக் கூடாதுதான். நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று நாலு வார்த்தை எழுதிவிட்டு மெல்ல விஷயத்துக்கு வர வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கல்யாண வேலையாகப் போன மெல்போர்னில் இருந்து போன் செய்து, "அம்மா, அந்தப் பாத பூஜைய ஸ்கிப் பண்ணிடலாம்னு ஐயர்கிட்ட சொல்லிட்டேன். யாரும் உன் காலப் பாத்து ஒண்ணும் பேச வேணாம்" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் "ஓகேம்மா, டேக் கேர்" என்று வைத்தும் விட்டாய். அன்றிலிருந்து என் தொண்டையில் நிற்பது இந்த ஒரு சொல்தான். முதலில் அதை இறக்கி வைத்துவிடுகிறேன். முடியாது. உன் கல்யாண மேடையில் நானும் அப்பாவும் உட்காருவோம். நீயும் தர்சினியும் எங்கள் காலைக் கழுவுவீர்கள். என் வலது கால் தாம்பாளத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும். அதில் மூன்று விரல்கள் இருக்கும்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பிய கையோடு நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். உன் அத்தை படிக்கட்டும், திண்டுக்கல்லில் மாமா படிக்கட்டும், பெயர் தெரியாமல் அந்தக் குரூப்பில் குந்தியிருக்கிற சொந்தங்கள் எல்லாம் படிக்கட்டும். காலையில் ஒரு பூ, மாலையில் ஒரு பூ என்று படம் அனுப்பியே அலுத்துப் போயிருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா? அப்பா எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, "நீ எழுது, நான் எழுத்துப்பிழை மட்டும் பாக்குறேன்" என்கிறார். அவருக்கு இதில் பயம் பாதி, சந்தோஷம் பாதி.

இது எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். அப்பாவின் அக்கா, உன் அத்தை, இங்கே சிட்னி கெல்லிவில்லில் நமக்கு இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு நம் வீட்டு மிளகாய்ப்பொடி முதல் உன் படிப்பு வரை எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்கிறவர், போன மாதம் ஒரு டப்பா முறுக்கோடு வந்தார். அத்தை முறுக்கோடு வந்தால் பின்னால் ஏதோ பெரிதாக வருகிறது என்று அர்த்தம். "தப்பா எடுத்துக்காதே. விரல் போன காலு, மூளியா இருக்கு. நல்ல காரியத்துல அத நடு மேடையில வச்சு மஞ்சள் குங்குமம் பூசினா பாக்க நல்லாவா இருக்கும்? ஊர்ல இருந்து பெரியண்ணனும் பெரியண்ணியும் வர்றாங்கல்ல, அவங்க உக்காந்துக்கட்டும். நீ பக்கத்துல நின்னா போதும்" என்றார். நான் பெற்ற பிள்ளைக்கு இன்னொருத்தி கால் நீட்டி உட்கார வேண்டுமாம். நான் முறைத்த முறைப்பில் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, தோல் கலர்ல சாக்ஸ் விக்குது, அதப் போட்டுக்க." "சாக்ஸுக்கு எதுக்கு அண்ணி பூஜை?" என்றேன். "அப்பன்னா ரோஜா இதழக் குவிச்சு மூடிறலாம். டெக்கரேஷன் பொண்ணுகிட்ட நான் பேசுறேன்" என்றார். என் காலைப் பூவால் மூடுகிற நாள் ஒன்று வரும், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அத்தை மேல் கோபம் இல்லை என்று எழுதினால் பொய். இருக்கிறது. ஆனாலும் அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார், நான் மறுத்தேன், முறுக்கு டப்பாவை வைத்துவிட்டுப் போனார். முறுக்கும் நன்றாகத்தான் இருந்தது. நீ என்ன செய்தாய்? அத்தை உனக்குப் போன் செய்தவுடன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராக ஐயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டாய். அம்மாவுக்கு அவமானம் வரக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான், தெரியும். எனக்கு ஆறாதது அந்தக் கேட்காமல் விட்டதுதான். கேட்பது என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டிக் கொடுத்ததே நீதான். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கும், காமர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து நின்ற அந்த நாள். "வேலை பாத்துக்கிட்டே டிகிரிம்மா. கிளினிக்ல அப்ரண்டிஸா எடுத்துக்கிறாங்க. வாரத்துல நாலு நாள் வேலை, ஒரு நாள் யூனிவர்சிட்டி. போடியாட்ரி." அப்படி என்றால் என்ன என்று கேட்டேன். "கால்மா. பாதம், நகம், ஆணி, சர்க்கரைப் புண்ணு." அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தை காதுக்கு எட்டியதும் அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. "அப்ரண்டிஸா? எங்க ஊரு லேத் பட்டறையில ஸ்பேனர் எடுத்துக் குடுப்பானே, அந்த அப்ரண்டிஸா?" அதன் பிறகு ஊர்க்காரர்களிடம் எல்லாம், "பையன் ஹெல்த்ல இருக்கான்" என்று சொல்லிவைத்தார். கேட்டவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொண்டால் அது அவர் பொறுப்பில்லையாம்.

நான் மட்டும் என்ன? ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. அடுத்தவர் மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். பெரியவர் காலில் விழலாம், அது ஆசீர்வாதம். முன்பின் தெரியாதவன் காலை மடியில் வைத்து நகம் வெட்டுவது வேறு. "ஊரான் கால மடியில வைக்கவா உன்னப் பெத்தேன்?" என்று கேட்டேன். நீ அசரவில்லை. "நீ மட்டும் சைல்ட்கேர்ல இருபது வருஷமா ஊரான் புள்ளைக்கு டயப்பர் மாத்தலையா?" என்றாய். அன்றைக்கு அடுப்படியில் ஒரு பாத்திரம் கூடச் சும்மா இருக்கவில்லை.

ஆனால் நான் தோற்றுப்போகிற ஆள் இல்லையே. உன்னிடம் நடக்காது என்று தெரிந்ததும் முருகனிடம் போனேன். பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போவார்கள் என்கிற ஊரில் பிறந்தவளுக்கு வேண்டுதல் வைக்கச் சொல்லித்தரவா வேண்டும்? 'இவனை இந்தக் கால் வேலையில் இருந்து எடுத்து ஒரு நல்ல படிப்பில் போட்டுவிடு, தைப்பூசத்துக்கு உன் சிட்னிக் கோயிலுக்குச் செருப்பில்லாமல் நடந்து வருகிறேன்' என்று நேர்ந்துகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவிடம், உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று சொன்னேன். தை மாதம் ஊரில் பனி. விடியற்காலையில் ரோடு ஜில்லென்று இருக்கும், செருப்பில்லாமல் நடக்கிறதே சுகம். சிட்னியில் தை மாதம் என்றால் தார் இளகுகிற வெயில். அது எனக்குத் தெரியாதா? இத்தனை வருடமாக இங்கே தைப் பொங்கலை ஏசி போட்டுக்கொண்டு வைக்கிறவள்தான் நான். ஆனாலும் வேண்டுதல் என்று வந்ததும் என் மனசு திண்டுக்கல் காலண்டரைத்தான் பார்த்தது. கூட நடந்தவர்கள் எல்லாம் ஷூ போட்டிருந்தார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்த பெண், "ஆன்ட்டி, ரோடு சுடுது, சாக்ஸாவது போடுங்க" என்று கெஞ்சினாள். எனக்குச் சுடவே இல்லை. துளிக்கூட வலிக்கவில்லை. நான் அதை முருகன் அருள் என்று நினைத்துக்கொண்டு, கோயில் வாசல் வரை கண்ணீர் விட்டபடி நடந்தேன். அது சர்க்கரையில் கால் மரத்துப்போனது என்று பிறகுதான் தெரிந்தது.

இதைப் பாவமன்னிப்பாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. அது எனக்கும் முருகனுக்கும் உள்ள விவகாரம், நாங்கள் பேசித் தீர்த்துக்கொண்டோம். இந்தத் தைப்பூசத்துக்கும் நடந்தேன், உங்கள் கிளினிக்கில் அச்செடுத்துச் செய்துகொடுத்த மெத்தை அட்டை வைத்த ஷூ போட்டுக்கொண்டு. உன் பிள்ளைக்கு ஒன்று என்றால் நீயும் எதையாவது நேர்ந்துகொள்ளத்தான் போகிறாய், அன்றைக்குத் தெரியும்.

நடந்து வந்த மறுநாள் வலது பாதத்தில் இரண்டு விரல்களுக்கு அடியில் ஒரு கொப்புளம் இருந்தது. பேண்டேஜ் ஒட்டி சாக்ஸைப் போட்டேன். வலிக்காத ஒன்றை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்? சில வாரங்கள் கழித்து உன் பிறந்தநாள் வந்தது. வழக்கம்போல் குளித்துவிட்டு வந்து காலில் விழுந்தாய். நானும் வழக்கம்போல் கையில் கரண்டியோடு நின்றபடியே, நல்லா இரு என்று தலையில் கையை வைத்தேன். நீ எழுந்திருக்கவில்லை. என்னடா, இவ்வளவு நேரம் விழுந்து கிடக்கிறான், பெரிய தொகையாகக் கேட்கப் போகிறானோ என்று பார்த்தால், தரையில் இருந்தே, "அம்மா, சாக்ஸக் கழட்டு" என்றாய். உன் குரல் மாறியிருந்தது.

"எந்திரிடா மொதல்ல. பாயசம் ஆறுது."

"சாக்ஸ் ஈரமா இருக்கு. வாடை வருது. எத்தன நாளா?"

"குளிச்சிட்டுத் தொடைக்காமப் போட்டுட்டேன், அதான். பிறந்தநாளும் அதுவுமா பெத்தவ கால நோண்டாதே."

நீ அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். நீயாக இழுத்துக் கழற்றவில்லை. நான் கழற்றும் வரை உட்கார்ந்திருந்தாய். வேறு வழியில்லாமல் கழற்றினேன். பேண்டேஜும் சாக்ஸோடு வந்தது. அதன் அடியில் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன், தம்பி. அந்த இரண்டு விரல்களும் என்னுடையவை மாதிரியே இல்லை. அப்பா சோபாவில் போய் உட்கார்ந்துவிட்டார். என் வாய் மட்டும் அடங்கவில்லை. "ஊர் கால எல்லாம் பாக்குறியே, பெத்தவ காலத் தொட மட்டும் பயமா?" என்றேன். "ஆமா, பயமாத்தான் இருக்கு. இதத் தொடற அளவுக்கு எனக்கு இன்னும் கத்துக் குடுக்கலம்மா. கத்துக் குடுத்தவங்ககிட்ட போவோம். கார்ல ஏறு" என்றாய்.

அப்போது நீ இரண்டாம் வருடம். நாலு விஷயம் படித்துவிட்டு நாற்பது தெரிந்த மாதிரிப் பேசுகிற வயது. நீ எனக்கு மஞ்சள் பற்றுப் போட்டிருக்கலாம், கிளினிக்கில் பார்த்ததை வைத்து வீட்டிலேயே கட்டுப் போட்டிருக்கலாம், அம்மா சத்தம் போடுகிறாளே என்று நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தாய். இரண்டு விரல்கள் போயின. இன்னும் தாமதித்திருந்தால் பாதமே போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உன்னை அந்த வேலையில் இருந்து வெளியே எடுக்கச் சொல்லி நடந்தேன். முருகன் என்னைக் கொண்டுபோய் அந்த வேலைக்குள்ளே உட்கார வைத்துவிட்டான்.

உள்ளேயேதான். புண் ஆறும்வரை உங்கள் கிளினிக்குக்குத்தான் கட்டு மாற்ற வந்தேன். சொந்தக்காரர் என்பதால் என் காலை நீ பார்க்கக் கூடாது. உனக்குக் கற்றுக்கொடுக்கிற ஜூலிதான் பார்ப்பாள். நீ பக்கத்துத் திரைக்கு அந்தப் பக்கம் யாரையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். திரை சரியாக மூடாது. என் மகன் வேலை செய்து நான் பார்த்ததே அங்கேதான். நெற்றியில் விளக்கு, குட்டையான ஸ்டூல், மடியில் ஒரு கிழவரின் குதிகால். சீவச் சீவ மாவு மாதிரி உதிர்கிறது, நீ அவர் வீட்டு நாயின் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாய். திடீரென்று ஜூலி என் கட்டைப் பாதியில் விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "கோணம் தப்பு. கத்தியைக் கீழே வை. மறுபடி பிடி" என்றாள். என் முன்னால், அந்தக் கிழவர் முன்னால். எனக்குச் சுருக்கென்று ஏறியது. என் பிள்ளையைத் திருத்த இவள் யார், அதுவும் வெளியாள் முன்னால் என்று வாய்வரை வந்துவிட்டது. நீ கத்தியை வைத்தாய், மறுபடி பிடித்தாய், "இப்பச் சரியா?" என்று கேட்டாய். முகத்தில் ஒரு சுணக்கம் கிடையாது. கிழவர், "பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை" என்றார்.

வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கச் சொன்னால் மூஞ்சியைத் தூக்குகிறவனா இவன் என்று நினைத்தேன். மற்ற பிள்ளைகள் தப்புச் செய்தால் பரீட்சைத் தாளில் சிவப்புக் கோடு விழும், அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். உன் தப்பை அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார், சமயத்தில் உன் அம்மாவும் பார்த்துக்கொண்டிருப்பாள். நாலு நாள் இப்படி எல்லார் முன்னாலும் திருத்தம் வாங்கிவிட்டு, ஐந்தாம் நாள் வகுப்புக்குப் போய், சனி ஞாயிறில் நம் சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் எலும்புகளைப் பரப்பி வைத்துப் படித்தாய். உன்னோடு பள்ளியில் படித்தவர்கள் கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஆபீஸ் போனபோது நீ அந்த எலும்புகளுக்கு நடுவில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற அப்ரண்டிஸ் என்று சிரித்தவர்களை அந்தத் திரைக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அங்கேதான் அந்த யாழ்ப்பாணத்து ஐயாவின் விவகாரமும் நடந்தது. நீ மறந்திருக்க மாட்டாய், ஏனென்றால் உன் வேலையிடத்தில் நான் சண்டை போட்டது அந்த ஒரு தடவைதான். காத்திருக்கிற இடத்தில் எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். நீ வந்து குனிந்து, எல்லாரிடமும் கேட்பதையே அவரிடம் கேட்டாய். "ஐயா, நான் இன்னும் படிச்சிட்டு இருக்கேன். ஜூலி பக்கத்துலயே இருப்பாங்க. உங்க காலத் தொடலாமா?" அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "வேண்டாம் தம்பி. படிச்சு முடிச்ச ஆள் இருந்தா அனுப்பும்." நீ "சரிங்க ஐயா" என்று திரும்பினாய். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏங்க, எல்லாரும் இப்படிச் சொன்னா அவன் யார் காலப் பாத்துதான் படிக்கிறது?" என்று எழுந்தேன். நீ திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "அம்மா, உக்காரு. வேண்டாம்னு சொல்றது அவர் இஷ்டம். அதுக்குத்தான கேக்குறேன்." என் பிள்ளை என்னை அதட்டினான், நானும் உட்கார்ந்தேன். உலகத்தில் நடக்காதது எல்லாம் அன்றைக்கு நடந்தது.

நீ உள்ளே போன பிறகு நடந்ததை நான் உன்னிடம் சொன்னதில்லை. அவரே பேச்சை எடுத்தார். "கோவிக்காதேங்கோ தங்கச்சி. உங்கட மகனோ?" ஆமாம் என்றேன், விறைப்பாகத்தான். "நான் படகில வந்தனான். கன காலம் அகதி முகாமுக்குள்ள அடைச்சு வச்சிருந்தவை. சாப்பாடு, நித்திரை, மருந்து எல்லாம் அவையள் சொல்லுறதுதான். வெளியால வந்த பிறகும் எனக்கு அந்தப் பழக்கம் போகேல்ல. ஆர் என்ன சொன்னாலும் ஓம் எண்டிடுவன்." செருப்புக்குள் காலைச் சரிசெய்துகொண்டு தொடர்ந்தார். "இந்தப் பொடியன் 'தொடலாமா' எண்டு கேட்டவர். கேக்கிறாரே, வேண்டாம் எண்டு சொன்னா என்ன நடக்கும் எண்டு சொல்லிப் பாத்தனான். சரி ஐயா எண்டு போட்டார். ஒரு கோவமும் இல்லை. எனக்குச் சரியான சந்தோசம், தங்கச்சி."

அவர் பிறகும் உன்னிடம் காலைக் காட்டவில்லை. நீ படித்து முடித்த பிறகாவது காட்டுவாரோ என்னவோ. எனக்கு அது முக்கியமில்லை. வீட்டுக்கு வந்து குக்கரை வைத்துவிட்டு அடுப்படியிலேயே அழுதேன். உன் வேலை என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அத்தனை நாளும் நீ யார் காலைத் தொடுகிறாய் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடுவதற்கு முன்னால் நீ கேட்கிற அந்த ஒரு கேள்வியை நான் கவனிக்கவே இல்லை.

இப்போது சொல். படகில் வந்த அந்த மனிதரிடம் கேட்டாய். நாய் வளர்க்கிற கிழவரிடம் கேட்டாய். ஒரு நாளைக்கு எத்தனையோ பேரிடம் கேட்கிறாய். என் கால் விஷயத்தில் மட்டும் ஏன் என்னிடம் கேட்கவில்லை? அம்மா பாவம், அம்மாவுக்குக் கூச்சமாக இருக்கும், நாமே முடித்துவிடலாம் என்றா? என் காலைப் பற்றிக் கூச்சப்படுவதா வேண்டாமா என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்? நான் முடிவு செய்துவிட்டேன், கூச்சம் இல்லை. இந்தக் கால் ஒரு மடத்தனத்தில் வெந்தது, ஒரு பிள்ளையின் கண்ணில் பட்டுப் பிழைத்தது. பிழைத்த காலை எதற்கு மூட வேண்டும்?

கல்யாணத்துக்குப் புத்திமதி சொல்லாத அம்மா உண்டா? நானும் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். தர்சினி விஷயத்திலும் இப்படி நல்லெண்ணத்தில் நீயே முடிவு செய்துகொண்டு போகாதே. அவள் அம்மாவோடு, அப்பாவோடு, மேலதிகாரியோடு பேசி அவளுக்காக எதையாவது ரத்து செய்துவிட்டு வந்து நிற்காதே. அவள் தாங்கமாட்டாள் என்று நீ நினைப்பதை எல்லாம் அவள் தாங்குவாள், கேட்காததைத்தான் தாங்கமாட்டாள். புருஷன் வேலைக்கும் நீ அப்ரண்டிஸ்தான், அதற்குப் பட்டமளிப்பு விழா கிடையாது. அப்பா இன்னும் அப்ரண்டிஸாகத்தான் இருக்கிறார், கேட்டுப் பார். அவள் "கோணம் தப்பு" என்று சொன்னால், அது என் முன்னால் சொன்னாலும் சரி, ஜூலியிடம் எப்படி நின்றாயோ அப்படி நில். கத்தியைக் கீழே வை, மறுபடி பிடி. உனக்குத் தெரியாத இடம் வந்தால் தெரியாது என்று சீக்கிரமே சொல்லிவிடு. மஞ்சள் பற்றுப் போட்டு மூடி வைக்காதே, புண் உள்ளே போய்விடும்.

தர்சினி என்றதும் ஞாபகம் வருகிறது. மெல்போர்ன் ட்ருகனினாவில் இருந்து அவள் அம்மா நேற்றுப் போன் செய்தார். நீ பூஜை வேண்டாம் என்றது அவர்களுக்கும் எட்டியிருக்கிறது. நான் சண்டைக்குத் தயாராகத்தான் போனை எடுத்தேன். "அக்கா, எங்கட பக்கத்திலயும் தாய் தேப்பனுக்குத்தான் செய்யிறது. பெரியப்பா ஆக்களுக்கு என்னத்துக்கு? உங்களுக்குக் கால் வைக்கச் சுகமா உயரம் குறைஞ்ச கதிரை வேணுமோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்" என்றார். வேண்டும் என்றேன். பார், அவரும் கேட்கிறார். ஐயரிடமும் நானே பேசிவிட்டேன். "பையன் வேணாம்னாரே" என்று இழுத்தார். "காலு பையனோடதில்ல, என்னோடது" என்றேன். நிகழ்ச்சி நிரலில் பூஜை பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

இன்னொன்றும் செய்திருக்கிறேன், இப்போதே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் பி.காம். என்று போட்டிருக்கிறது. உன் பெயருக்குப் பக்கத்தில் என்ன போடுவது என்று பெரிய மாநாடே நடந்தது. உனக்குப் பட்டம் கைக்கு வர இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அத்தை, "எப்படியும் வரப்போறதுதான, இப்பவே போட்டா யாரு வந்து கேக்கப் போறா?" என்றார். பெரியப்பா, ஒன்றும் போடாமல் விட்டால் போதும் என்றார். நான் 'பாத மருத்துவ அப்ரண்டிஸ்' என்று போடச் சொன்னேன். அச்சாகி வந்துவிட்டது. தங்க எழுத்து, நல்ல தடிமனான அட்டை. இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, மேடையில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் உயரம் குறைந்த நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, வலது காலைத் தாம்பாளத்தில் வைப்பேன். கேமராக்காரர் எவ்வளவு கிட்ட வந்தாலும் வரட்டும். ஐயர் சொம்பை உன் கையில் கொடுப்பார். உடனே ஊற்றாதே. குட்டை ஸ்டூலில் உட்காருகிற மாதிரி என் முன்னால் உட்கார்ந்து, கிளினிக்கில் கேட்கிறாயே, அதை அப்படியே என்னிடமும் கேள். நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன், உங்கள் காலைத் தொடலாமா என்று. மைக் பக்கத்தில்தான் இருக்கும், அத்தைக்கும் கேட்கும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு என்பது உனக்கும் தெரியும். நான் தொடு என்பேன்.

பிறகு தண்ணீரை ஊற்று. முதலில் உன் முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள், என் காலுக்குத் தெரியாது. பாலோ மஞ்சளோ குங்குமமோ, ஐயர் சொல்கிறபடி எல்லாம் செய். கழுவி முடித்ததும் அவர் அடுத்த மந்திரத்துக்கு ஓடுவார், எழுந்திரு எழுந்திரு என்று உன் மாமா தோளைத் தட்டுவார், நாதஸ்வரக்காரர் தயாராக வாயில் வைத்துக்கொண்டு நிற்பார். நீ எழுந்திருக்காதே. துண்டை எடுத்து விரலிடுக்கெல்லாம் ஈரமில்லாமல் ஒற்று, எல்லாருக்கும் எப்படி ஒற்றுவாயோ அப்படி. விரல் இல்லாத இடத்தையும் நிதானமாக ஒற்று. அதுவரைக்கும் முகூர்த்தம் காத்திருக்கட்டும்.

உன் அம்மா